சொந்தப் பாட்டு, சொந்தக் காசு: பேண்ட்கள் எங்கே பதிவு செய்வது, யார் மூலம் வெளியிடுவது?

"நாலு பாட்டு தயாரா இருக்கு, எல்லோரும் சேர்த்துப் போட்டால் அறுபதாயிரம் தேறும். ஸ்டுடியோவுக்குப் போகலாமா, இல்லை அந்தக் காசில் சாமான் வாங்கி வீட்டிலேயே பண்ணிடலாமா?" இந்தக் கேள்வி ஆள் மாற்றி ஆள், ஊர் மாற்றி ஊர் வந்துகொண்டே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வரும்: "ஒரு லேபிள் கேட்கிறாங்க, கொடுத்துடலாமா? இல்லை நாமே ஸ்பாட்டிஃபையில் போட்டுக்கலாமா?"

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ஆனால் பதிவு ஒரு முடிவு, வெளியீடு வேறொரு முடிவு. வீட்டில் பதிவு செய்ததை லேபிளுக்குக் கொடுக்கலாம், பெரிய ஸ்டுடியோவில் பதிவு செய்ததை நாமே ஏற்றலாம். எனவே தனித்தனியாகவே பார்ப்போம். நான் மனதில் வைத்திருப்பது சென்னையிலோ கோவையிலோ இருக்கும் நாலைந்து பேர் கொண்ட ஒரு பேண்ட்: கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல், கூடவே ஒரு பறை. சினிமா வாய்ப்புக்கான டெமோவாக இல்லாமல், தங்கள் பெயரிலேயே பாட்டு வர வேண்டும் என்று நினைப்பவர்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

பெரும்பாலோர் மணிக்கு எவ்வளவு என்பதிலேயே ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில், உங்கள் இசை எப்படி உருவாகிறது? ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தால்தான் பாட்டு நிற்கிறதா, இல்லை ஒருவர் லூப் போட்டு அதன்மேல் மற்றவர்கள் அடுக்கிக்கொண்டே போகிறீர்களா? இரண்டாவது, ஒரு பாட்டு வெளியே வரும்வரை ஆகும் மொத்தச் செலவு, அதாவது மிக்ஸும் (தனித்தனி ட்ராக்குகளைக் கலந்து ஒரே பாட்டாக்குவது) மாஸ்டரும் (வெளியிடும் முன் கடைசியாக ஒலியைச் சீராக்குவது) சேர்த்து. பதிவுக்கே எல்லாக் காசையும் கொட்டிவிட்டு மிக்ஸுக்கு நண்பரின் தயவில் நிற்கும் பேண்ட்கள்தான் அதிகம். மூன்றாவது, கோப்புகளும் உரிமையும் யார் கையில் இருக்கும். நான்காவது, பேண்டில் யாராவது ஒருவர் கணினி முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் எடிட் செய்யத் தயாராக இருக்கிறாரா. இருந்தால் அவருக்கு வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பிடிக்காவிட்டால் திரும்பச் செய்ய முடியுமா? குரல் சரியில்லை என்றால் வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாடலாம். டிரம்ஸ் சரியில்லை என்றால் மறுபடி ஸ்டுடியோ, மறுபடி மைக், மறுபடி காசு. டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். மாஸ்டர் உரிமையை, அதாவது பதிவின் மேல் நமக்குள்ள உரிமையை, எழுதிக் கொடுத்துவிட்டால் மாற முடியாது. திரும்ப முடியாத இடத்தில் காசையும் கவனத்தையும் போடுங்கள், மற்ற இடங்களில் இழுத்துப் பிடிக்கலாம்.

# பதிவு

## வீட்டிலேயே

இரண்டு உள்ளீடு கொண்ட ஒரு இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போல), ஒரு நல்ல மைக், மூடிய வகை ஹெட்ஃபோன், ஸ்டாண்ட், கேபிள், ஒரு மென்பொருள், இவ்வளவுதான் ஆரம்பம். மென்பொருளுக்காகத் திருட்டு நகலைத் தேடிப் போக வேண்டாம். ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு இலவசம், சிறிய அளவில் பயன்படுத்துபவர்களுக்கான உரிமம் 60 டாலர். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் சும்மாவே வருகிறது.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: இன்டர்ஃபேஸ் 18,000, மைக் 10,000, ஹெட்ஃபோன் முதல் கேபிள் வரை சில்லறை 10,000, மென்பொருள் 5,000. ஆக 43,000 ரூபாய். நாலு பாட்டுக்கு மிக்ஸ் வெளியே கொடுத்தால் பாட்டுக்கு 5,000 வீதம் 20,000. மொத்தம் 63,000. இந்த எண்கள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் முதல் நாலு பாட்டுக்கு வீடு ஒன்றும் மலிவில்லை என்பது மாறாது. ஐந்தாவது பாட்டிலிருந்துதான் அது மலிவு. அடுத்த வருஷமும் பாட்டுப் போடுவோம் என்ற நிச்சயம் இருந்தால் மட்டும் சாமான் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் அது ஓ.எல்.எக்ஸில் பாதி விலைக்குப் போகும்.

மறைந்திருக்கும் செலவு அறைதான். விலை உயர்ந்த கண்டென்ஸர் மைக்கை வாங்கி வந்து வெறும் சுவர் அறையில் வைத்தால், அது உங்கள் குரலோடு மின்விசிறி, எதிர்வீட்டு குக்கர் விசில், மாடியில் கத்தும் காக்கா எல்லாவற்றையும் விசுவாசமாகப் பிடித்துக் கொடுக்கும். சென்னை மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு மூன்று டேக் பாடிப் பாருங்கள், நாலாவது டேக்கில் பாட்டில் உணர்ச்சி இருக்காது, வியர்வைதான் இருக்கும். ஷூர் எஸ்.எம்.57, 58 போன்ற டைனமிக் மைக்குகள் அறையின் எதிரொலியைக் குறைவாகவே காட்டிக்கொடுக்கும், அதனால் சுமாரான அறையில் அவையே மேல். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்துப் பின்னால் மெத்தையைச் சாய்த்து, அதற்கு முன் நின்று பாடினால் நல்ல குரல் பதிவு கிடைக்கும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் மேல் ஸ்தாயியை மட்டும்தான் தின்னும், கீழ் ஸ்தாயிக் குழப்பம் அப்படியே இருக்கும், அதற்குச் செலவழிக்காதீர்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் கிட்டாரைச் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்று வரும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி நேரம் போய்விடும்.

குரல், அக்கூஸ்டிக் கிட்டார், நேரடியாகச் செருகும் பேஸ், கீபோர்டு இவற்றுக்கெல்லாம் வீடு போதும். முழு டிரம்ஸுக்குப் போதாது. இரண்டு உள்ளீட்டில் டிரம்ஸ் எடுப்பது வீம்பு, அக்கம்பக்கத்தாரும் சும்மா இருக்க மாட்டார்கள். டிரம்ஸைக் கணினியில் அடித்துக்கொள்ளும் ஹிப்ஹாப், எலக்ட்ரானிக், பாடகரும் பாட்டெழுதுபவரும் ஒருவரே என்கிற வகை இசைக்கு நான் யோசிக்காமல் வீட்டைத்தான் சொல்வேன்.

## ஸ்டுடியோவில், மணிக்கணக்கில்

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கம் நடந்தால் ஒரு தெருவுக்கு ஒரு ஸ்டுடியோ தென்படும். இவற்றில் பெரும்பாலானவை சினிமாவையும் டப்பிங்கையும் நம்பி வளர்ந்தவை. குரல் பதிவு அறை அருமையாக இருக்கும், டிரம்ஸ் செட் வைக்கும் அளவு அறை இருக்காது. போன் செய்யும்போது முதல் கேள்வியாக "டிரம்ஸ் லைவா எடுப்பீங்களா, எத்தனை சேனல், எத்தனை மைக்?" என்று கேளுங்கள். "எல்லாம் பண்ணலாம் சார்" என்பது பதில் ஆகாது, அவர்கள் எடுத்த டிரம்ஸ் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மணிக்கு 1,000 என்று வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றால் 9,000. நாலு பாட்டுக்கு மூன்று நாள், 27,000. மிக்ஸ் 20,000, மாஸ்டரிங் பாட்டுக்கு 2,000 வீதம் 8,000. ஆக 55,000. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள இடமாக இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து 64,900. அறுபதாயிரத்தோடு போனவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். போதாக்குறைக்கு அந்த ஒன்பது மணி நேரத்தில் டிரம்ஸுக்கு மைக் வைத்துச் சத்தம் சரிபார்க்கவே இரண்டு மணி நேரம் போய்விடும், கடிகாரம் அதற்கும் ஓடும். வெளியிலிருந்து வயலினுக்கோ தவிலுக்கோ கலைஞரை அழைத்தால் அவர்கள் கால்ஷீட் கணக்கில் வருவார்கள், அது தனி.

பறை இருக்கும் பேண்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தோல் பறையை வைக்கோலிலோ காகிதத்திலோ தீ மூட்டிக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். காய்ச்சினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஏசி ஓடும் அறைக்குள் கொண்டு வந்தால் கொஞ்ச நேரத்திலேயே தளர ஆரம்பித்து "டண்" என்று வந்தது "தொப்" என்று ஆகிவிடும். பத்து மணிக்கு எடுத்த டேக்கின் நடுவில் பன்னிரண்டு மணிக்கு நாலு அடியை மட்டும் மாற்றி வைத்தால் வேறு வாத்தியம் போலக் கேட்கும். ஸ்டுடியோக்காரர் உள்ளே தீ மூட்ட விட மாட்டார். அதனால் வாசலிலோ மொட்டை மாடியிலோ காய்ச்ச அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள், முடிந்தால் ஒரே சுருதியில் இரண்டு பறை கொண்டு போய் ஒன்று வாசிக்கும்போது இன்னொன்றைக் காய வையுங்கள், பறைப் பகுதிகளைத் துண்டு துண்டாக எடுக்காமல் ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். ஃபைபர் தோல் போட்ட பறைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சத்தமும் அது இல்லை. மைக்கை ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் வைத்து, உள்ளீட்டு அளவைத் தாராளமாகக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். சிம்புக் குச்சியின் அடி கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சத்துக்குப் போகும், திரையில் பச்சையாகத் தெரிவதை நம்பினால் பதிவு கிழிந்துவிடும்.

கோப்புகள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பேண்ட் மிக்ஸ் பிடிக்காமல் வேறொருவரிடம் கொடுக்கலாம் என்று ஒரு வருஷம் கழித்துப் போனபோது "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு" என்று பதில் வந்தது. முன்பணம் கொடுக்கும்போதே "ஒவ்வொரு நாள் முடிவிலும் எல்லா ட்ராக்கும் 24 பிட் வேவ் கோப்புகளாக எங்கள் டிஸ்கில் ஏற்றித் தர வேண்டும்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

நன்றாக ஒத்திகை பார்த்து, வேகம், அமைப்பு எல்லாம் முடிவான பாட்டுகளோடு போகும் பேண்டுக்கு ஸ்டுடியோ கொடுத்த காசுக்கு நியாயமாக இருக்கும். அங்கே போய்ப் பாட்டை உருவாக்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்குக் கடன்தான் உருவாகும்.

## ஜாம் ரூமில், எல்லோரும் சேர்ந்து ஒரே டேக்

இதை ஏனோ யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒத்திகை அறைகள் மணிக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன, டிரம்ஸும் ஆம்ப்பும் அங்கேயே இருக்கும். பெஹ்ரிங்கர் எக்ஸ்.ஆர்.18 போன்ற டிஜிட்டல் மிக்ஸர் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஒரே யூ.எஸ்.பி. கேபிளில் 18 ட்ராக் வரை லேப்டாப்புக்குள் தனித்தனியாக வந்துவிடும். மிக்ஸர் இல்லாவிட்டால் அதை மட்டும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாம். நாலு மணி நேரத்துக்கு 600 வீதம் 2,400, மிக்ஸர் வாடகை, அப்புறம் மிக்ஸ் செலவு. நாலு வழிகளில் இதுதான் மலிவு.

விலை வேறு வடிவத்தில் வரும். டிரம்ஸின் சத்தம் எல்லா மைக்கிலும் கசியும், அதனால் பேஸ் வாசித்தவர் ஓரிடத்தில் தவறினால் அதை மட்டும் அழித்து எழுத முடியாது, பாடகரின் சுருதியைப் பின்னால் திருத்த முயன்றால் பின்னணியில் சிம்பல் சத்தமும் சேர்ந்து வளையும். குரலை மட்டும் அன்றைக்குச் சும்மா வழிகாட்டியாகப் பாடிவிட்டு வீட்டில் மறுபடி எடுப்பது பாதித் தலைவலியைக் குறைக்கும்.

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடை ஏறியபோது பறையும் சட்டியும் கட்டமோளமும் கிட்டாரோடு ஒன்றாக ஒலித்தன. அப்படிக் கூட்டமாக வாசிப்பதையே உயிராகக் கொண்ட இசையைக் கிளிக் (காதில் தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) போட்டு ஒவ்வொருவராகத் தனியறையில் உட்கார வைத்து எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பாட்டு செத்துக் கிடக்கும். மேடையில் உங்களைக் கேட்டவர்கள் "லைவ்ல கேட்ட மாதிரி இல்லையே" என்று சொன்ன அனுபவம் இருந்தால் இந்த வழியை ஒருமுறை முயன்று பாருங்கள். வாராவாரம் சேர்ந்து வாசிக்காத பேண்ட் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

## பாதி அங்கே, பாதி வீட்டில்

கேட்பவர்களுக்கு நான் அதிகமாகச் சொல்வது இதைத்தான். வீட்டில் கிளிக்கோடு வழிகாட்டி ட்ராக் போட்டு, அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் ஒரே நாளில் நாலு பாட்டுக்கும் டிரம்ஸும் பறையும் முடித்துவிட்டு, மிச்சத்தை வீட்டில் சாவகாசமாக எடுப்பது. பெரும்பாலும் பேண்டில் ஒருவரிடம் இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் மைக் 10,000, சில்லறை 10,000, மென்பொருள் 5,000, ஸ்டுடியோ ஒரு நாள் 9,000, மிக்ஸ் 20,000, மொத்தம் 54,000. வரி சேர்ந்தாலும் அறுபதுக்குள் அடங்கும்.

ஒரே நாளில் நாலு பாட்டுக்கு டிரம்ஸ் என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. வழிகாட்டி ட்ராக்கில் பாட்டின் அமைப்பு மாறாமல் இருந்தால் முடியும். "அங்க போய் பார்த்துக்கலாம்" என்று விட்ட ஒரு பகுதி இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேரடியாகச் செருகி எடுத்து வைத்தால், மிக்ஸ் செய்பவர் பின்னால் எந்த ஆம்ப் ஒலியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஸ்டுடியோவும் நீங்களும் ஒரே சாம்பிள் ரேட்டில் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற எண்) இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் இரண்டு இடத்திலும் 48.

இதன் ஆபத்து தள்ளிப்போடுதல். வீட்டில் மணிக்குக் காசு ஓடாததால் குரல் பதிவு அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டே போகும். பாதி முடிந்த ஆல்பங்கள் பல லேப்டாப்களில் இப்படித்தான் தூங்குகின்றன.

| | வீடு | ஸ்டுடியோ | ஜாம் ரூம் | பாதி பாதி |
|---|---|---|---|---|
| முதல் 4 பாட்டுக்கு (மேலே போட்ட கணக்கில்) | 63,000 | 55,000 + வரி | 22,400 + மிக்ஸர் வாடகை | 54,000 + வரி (இன்டர்ஃபேஸ் இருந்தால்) |
| அடுத்த 4 பாட்டுக்கு | மிக்ஸ் செலவு மட்டும் | மறுபடி அதே | மறுபடி அதே | ஒரு நாள் + மிக்ஸ் |
| திரும்ப எடுக்க | எப்போது வேண்டுமானாலும் | காசு கொடுத்தால் | முழுப் பாட்டையும்தான் | டிரம்ஸ் தவிர எல்லாம் |
| டிரம்ஸ், பறை | கஷ்டம் | நன்று, அறையைப் பொறுத்து | நன்று, கசிவோடு | நன்று |
| எங்கே மாட்டும் | அறை, எடிட் நேரம் | கடிகாரம், கோப்புகள் | தப்பு நிற்கும் | இழுத்துக்கொண்டே போகும் |

எந்த வழியாக இருந்தாலும் மிக்ஸைக் கடைசி நிமிடச் செலவாக வைக்காதீர்கள். மாஸ்டரிங்கில் "இன்னும் சத்தம், இன்னும் சத்தம்" என்று நெருக்கவும் வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் -14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டு வந்துதான் ஒலிக்க விடுகிறது, யூடியூபும் சத்தமான பாட்டைக் குறைத்துவிடுகிறது. நசுக்கி ஏற்றிய சத்தம் அங்கே இறங்கிவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

# வெளியீடு

## டிஸ்ட்ரிப்யூட்டர் மூலம் நாமே

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோ சாவன் போன்ற தளங்களில் நேராகப் போய் ஏற்ற முடியாது, நடுவில் ஒருவர் வேண்டும். இவர்கள் மூன்று விதமாகக் காசு வாங்குகிறார்கள். வருஷச் சந்தா வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்ற விடுவது ஒன்று, டிஸ்ட்ரோகிட் அப்படித்தான். ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம், அப்புறம் வருமானத்தில் பங்கு என்பது இன்னொன்று, சிடி பேபி 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கட்டணமே இல்லாமல் பங்கு மட்டும் என்பது மூன்றாவது, ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் அது 15 சதவீதம்.

வருஷச் சந்தாதான் எல்லோர் கண்ணையும் பறிக்கும். ஆனால் சந்தா கட்ட மறந்தால் பாட்டு தளங்களிலிருந்து இறங்கிவிடும். பேண்ட் கலைந்து மூன்று வருஷம் ஆன பிறகு யார் கார்டில் சந்தா போகும் என்று இப்போதே யோசியுங்கள். நிரந்தரமாக வைக்க டிஸ்ட்ரோகிட்டில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு. அடிப்படைத் திட்டத்தில் வெளியீட்டுத் தேதியை நாமே குறிக்க முடியாது, அதற்கும் அடுத்த திட்டத்துக்குப் போக வேண்டும். யூடியூபில் உங்கள் பாட்டை மற்றவர்கள் பயன்படுத்துவதைப் பிடிக்கும் கன்டென்ட் ஐடி வசதிக்கும் பல இடங்களில் தனிக் காசு. வருஷத்துக்கு ஆறு பாட்டாவது போடுபவர்களுக்குச் சந்தா லாபம். மூன்று வருஷத்துக்கு ஒரு ஆல்பம் என்று இருப்பவர்கள் ஒருமுறை கட்டணத்துக்குப் போகட்டும். முதல் பாட்டை வெறும் சோதனையாகப் போடுபவர்களுக்கு இலவசத் திட்டமே போதும், ஏனென்றால் 15 சதவீதம் கொடுக்கும் அளவுக்கு அதில் காசு வரப்போவதில்லை.

அது ஏன் என்றால், 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கே ஆரம்பிக்கும். இதைப் பார்த்துப் பயந்து "பத்தாயிரம் ஸ்ட்ரீம், 999 ரூபாய்" என்று இன்ஸ்டாகிராமில் வரும் ஆட்களிடம் போய்விடாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அபராதம் போடுகிறது, சில டிஸ்ட்ரிப்யூட்டர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டும் இறங்கிவிடலாம்.

அமெரிக்க நிறுவனங்கள் வழியாக வரும் காசுக்கு டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தை நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் அந்நாட்டு வருமானத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள், இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15தான்.

## லேபிளுக்குக் கொடுப்பது

லேபிள் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வீடியோவுக்குச் செலவு செய்கிறார்கள், எஃப்.எம். வரை எடுத்துப்போகிறார்கள், சினிமா இசையமைப்பாளர் காதில் போட்டு வைக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கத்தான் செய்யும். கேள்வி இதுதான்: அவர்கள் எவ்வளவு காசு போடுகிறார்கள், அதற்கு எதை எழுதிக் கேட்கிறார்கள்? பதிவு, மிக்ஸ், வீடியோ எல்லாம் உங்கள் செலவில் முடிந்த பிறகு "எங்க சேனல்ல போடறோம், மாஸ்டர் எங்க பேர்ல இருக்கட்டும்" என்பவர்களுக்கு எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பதிப்புரிமைச் சட்டத்தில் நமக்குச் சாதகமான சில வரிகள் உள்ளன, ஒப்பந்தம் எழுதுபவர்கள் அவற்றைச் சுற்றித்தான் வேலி கட்டுவார்கள். பிரிவு 19-ன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றே கொள்ளப்படும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். அதனால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும்" என்ற மூன்று சொற்றொடரும் எல்லா லேபிள் ஒப்பந்தத்திலும் தவறாமல் இருக்கும். அவற்றில் முதலாவதை "7 வருஷம்" என்று அடித்துத் திருத்தக் கேளுங்கள். கேட்டால் தருகிறவர்களும் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

பாட்டு உலகம் முழுக்க ஒலித்துவிட்டால் காசு தானாக வரும் என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல். 2021-ல் வெளியாகி எங்கும் ஒலித்த ஒரு தமிழ்த் தனியிசைப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெயர் உள்ளவருக்கே அப்படி என்றால், கணக்குக் காட்ட வேண்டிய தேதி எது, கணக்கைத் தணிக்கை செய்ய நமக்கு உரிமை உண்டா என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

## யூடியூப் மட்டும்

செலவில்லை, நம் ஊரில் பாட்டுக் கேட்பவர்களில் பெரும் பகுதி அங்கேதான். ஆனால் முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பேண்டுக்கு உண்மையான செலவு வீடியோதான். பாட்டுக்கு இருபதாயிரமும் வீடியோவுக்கு ஒன்றரை லட்சமும் செலவழித்த பேண்ட்களைப் பார்க்கிறோம். ஜாம் ரூமில் பதிவு செய்பவர்கள் அதையே இரண்டு போனில் படம் பிடித்தால் போதும். டிஸ்ட்ரிப்யூட்டரோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது, தனியாக நம்பி இருக்க வேண்டியதில்லை. விங்க், ரெஸ்ஸோ எல்லாம் 2024-ல் இங்கே கடையைக் கட்டியதைப் பார்த்தோம், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள்.

## பேண்ட்கேம்ப், மேடையோரக் கடை

ரசிகர்கள் நேராகக் காசு கொடுத்துப் பாட்டு வாங்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மிச்சம் நமக்கு. தமிழ்நாட்டுக்குள் காசு கொடுத்து ஆல்பம் வாங்கும் பழக்கம் குறைவு, பணம் பேபால் வழியாக வருகிறது. ஆனால் டொராண்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் தமிழர்களுக்குப் பத்து டாலர் ஒரு பொருட்டில்லை. அப்படி நூறு பேர் இருந்தால் ஸ்ட்ரீமிங்கில் வரும் சில்லறையை அது எளிதாகத் தாண்டும். வெளிநாட்டு ரசிகர்கள் இல்லாத பேண்ட் இதற்காக மெனக்கெட வேண்டாம். சிடி அடிப்பதற்குப் பதில் கச்சேரியில் டீ-ஷர்ட் விற்பது மேல்.

# அப்போ எதை எடுப்பது?

டிரம்ஸ், பறை உள்ள பேண்ட், வாராவாரம் ஒத்திகை, அடுத்த வருஷமும் இருப்போம் என்ற நம்பிக்கை: பாதி பாதியாகப் பதிவு, டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக நாமே, கூடவே யூடியூப். கையில் இருபத்தைந்து முப்பதாயிரம்தான் என்றால் ஜாம் ரூம். கணினியிலேயே இசை செய்பவர் என்றால் வீடு. நாலு பாட்டு முடிவாகத் தயார், யாருக்கும் எடிட் செய்யப் பொறுமை இல்லை, இன்னும் கொஞ்சம் காசு புரட்ட முடியும் என்றால் ஸ்டுடியோ. லேபிள், அவர்கள் உண்மையாகவே காசு போட்டால், ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும், காலவரையறையோடு.

வெளியிடும் முன் இன்னும் சில வேலைகள். ஒவ்வொரு பாட்டுக்கும் வரிகள் யார், மெட்டு யார், பதிவில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம், ஸ்ட்ரீமிங் காசு தவிர வானொலி, தொலைக்காட்சி, மேடைக் கச்சேரிகளுக்கான ராயல்டி அந்த வழியில் வரும், டிஸ்ட்ரிப்யூட்டர் அதை வாங்கித் தர மாட்டார். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை டிஸ்ட்ரிப்யூட்டரே தருவார், ஆனால் அதைக் குறித்து வையுங்கள். நாளை வேறு டிஸ்ட்ரிப்யூட்டருக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூடவே வரும். முகப்புப் படம் 3,000-க்கு 3,000 பிக்சல், ஓரத்தில் இன்ஸ்டாகிராம் முகவரியோ போன் நம்பரோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

தேதியைக் குறைந்தது நாலு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்பும் வசதி வெளியாகும் முன் மட்டுமே உண்டு, ஏழு நாளுக்கு முன்னாடியே அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலிலும் வரும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள், அப்போது பெரிய படப் பாட்டுகள் வரிசைகட்டி நிற்கும், உங்கள் பாட்டைக் கேட்க வேண்டிய உங்கள் நண்பர்களே அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.